காற்றோடு போகும் எண்ணெய்

பி.எஸ்ஸி. (இயற்பியல்), இரண்டாம் ஆண்டு

மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு எண்ணெயின் அருமையைப் பற்றி எவரும் பாடம் சொல்லத் தேவையில்லை. சக்கரம் கிறீச்சிட்டால் வண்டிக்காரர் இறங்குவார். கடையாணியைக் கழற்றி, சக்கரத்தைச் சற்றே வெளியே இழுத்து, அச்சில் வண்டி மையைத் தடவி, மீண்டும் பூட்டிவிட்டுப் போவார். உருண்டு செல்லும் பெரிய தேருக்கும் சிறிய அச்சாணி தேவை என்பதை வள்ளுவர் காலத்திலேயே நம்மவர் அறிந்திருந்தனர். அந்த அச்சில் தடவும் மையின் தேவையும் அப்படித்தான்.

ஆனால் காற்றால் ஓடும் எந்திரத்துக்கு எங்கே மை தடவுவது? பாறையில் வெடிக்குழி போடும் ஜாக்ஹாமரை எடுத்துக்கொள்வோம். அதற்குள் ஒரு பிஸ்டன் நிமிடத்துக்குச் சுமார் 2,000 முறை மேலும் கீழுமாகப் பாய்ந்து உளிக்கம்பியின் தலையில் அடிக்கிறது. பிஸ்டனுக்கும் உருளையின் சுவருக்கும் இடையே உள்ள இடைவெளி மயிரிழையைவிடக் குறைவு. எந்திரத்தின் உடம்போ மூடிக் கிடக்கிறது. ஓடும்போது அதற்குள் எண்ணெய் விட வழியில்லை. அதனால் அறிஞர்கள் ஓர் உபாயம் கண்டார்கள். எந்திரத்தை ஓட்டும் காற்றின் கையிலேயே எண்ணெயையும் கொடுத்தனுப்பிவிடுவது! ஓஸ் குழாயின் நடுவே ஒரு சிறு எண்ணெய்ப் பாத்திரத்தை இணைத்துவிட்டால், காற்று போகிற போக்கில் எண்ணெயைத் துளித்துளியாக எடுத்து, புகைபோல் நுணுக்கி, எந்திரத்தின் மூலைமுடுக்கெல்லாம் பூசிவிட்டு வெளியேறுகிறது. இந்தப் பாத்திரத்தை லைன் ஆய்லர் என்பார்கள்.

உபாயம் எளியது, அழகியது. ஆயினும் அது நம் ஊர்களில் நடக்கும் விதம் சரியன்று என்பது என் கருத்து. தவறு எண்ணெயிலும் இல்லை, எந்திரத்திலும் இல்லை. எந்த எண்ணெய், எவ்வளவு, ஏன் என்பதை அதைக் கையில் பிடித்து நிற்பவருக்கு நாம் சொல்லாமல் விட்டிருக்கிறோம். தவறு அங்கேதான் இருக்கிறது.

நிறைந்திருந்த பாத்திரம்

இதை நான் நூலகத்தில் அறிந்துகொள்ளவில்லை. என் தந்தையார் கிணறு வெட்டும் வேலை செய்பவர். டிராக்டரில் பொருத்திய கம்ப்ரசர் மேலே நிற்க, அறுபது அடி ஆழத்தில் இறங்கிப் பாறையில் ஜாக்ஹாமர் பிடிப்பவர். நான் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதிய கோடை விடுமுறையில் அவருக்கு உதவியாக மேலே ஓஸ் குழாய் இழுத்துப் போடும் வேலைக்குச் சென்றிருந்தேன்.

ஒரு நாள் ஓஸ் கிழிந்துபோக, புதிய ஓஸ் மாற்றினார்கள். அடுத்த நாள் பிற்பகலில் ஜாக்ஹாமர் இழுத்து இழுத்து அடித்தது, பிறகு நின்றேபோயிற்று. பிஸ்டன் உருளையில் பிடித்துக்கொண்டுவிட்டது.

"எண்ணெய் ஊத்தினியா இல்லியா?" என்றார் முதலாளி.

"காலைலயே ரொப்புனங்க" என்றார் அப்பா.

பாத்திரத்தைத் திறந்து பார்த்தோம். நிறைந்திருந்தது. அப்பாவுக்கு முகம் தெளிந்தது. முதலாளியோ, "நின்னு போனதுக்கப்பறம் ஊத்தி வச்சிருக்கற" என்றார். பழுது பார்த்த செலவுக்காக மூன்று வாரக் கூலியில் பாதி பிடித்தமாயிற்று. அப்பா அதைப் பற்றி வீட்டில் ஒரு சொல்லும் பேசவில்லை. நிறைந்திருந்த பாத்திரம் அவருடைய நேர்மைக்குச் சாட்சி என்று நினைத்தார். அதுவே அவருக்கு எதிரான சாட்சியாகிவிட்டது.

இந்த ஆண்டு வகுப்பில் பாய்மங்களின் இயக்கம் நடத்தினார்கள். டேனியல் பெர்னூலி 1738-இல் தம் நூலில் வெளியிட்ட உண்மையையும், இத்தாலியரான வென்ட்டூரி 1797-இல் எழுதிய ஆய்வையும் படித்தோம். குழாய் குறுகும் இடத்தில் பாய்மத்தின் வேகம் கூடுகிறது, அழுத்தம் குறைகிறது. பேராசிரியர் கரும்பலகையில் இடை சிறுத்த குழாயை வரைந்துகொண்டிருந்தபோது எனக்கு அந்த எண்ணெய்ப் பாத்திரம் நினைவுக்கு வந்தது.

அதன் உட்புறம் இதேதான். காற்று நுழையும் பக்கத்திலிருந்து ஒரு சிறு துளை வழியாக முழு அழுத்தமும் எண்ணெயின் தலைமீது இறங்குகிறது. குறுகிய கழுத்திலோ அழுத்தம் குறைவு. இந்த வேறுபாட்டினால் எண்ணெய் தள்ளப்பட்டுக் கழுத்தில் துளிர்க்கிறது. அங்கே விரைந்து வரும் காற்று அதைச் சிதறடித்துத் தூக்கிச் செல்கிறது. திருகைத் திருப்பினால் துளியின் அளவு கூடும் அல்லது குறையும். ஆகவே இத்தகைய பாத்திரத்துக்கு முன், பின் என்ற திசை உண்டு. அதன் உடம்பில் ஓர் அம்புக்குறியும் பக்கத்திலேயே ஆங்கிலத்தில் ஒரு சொல்லும் வார்க்கப்பட்டிருப்பது அதற்காகத்தான். அதைத் திருப்பிப் பூட்டினால் எண்ணெயைத் தள்ளும் அழுத்தம் இல்லாமற்போகும். காற்று போகும்; எண்ணெய் அப்படியே தங்கும்.

ஓஸ் மாற்றிய அன்று நாங்கள் அதைத் திருப்பிப் பூட்டியிருக்கிறோம்! பாத்திரம் நிறைந்திருந்ததற்குக் காரணம் அதுதான். எண்ணெய் ஊற்றியதும் உண்மை, எண்ணெய் போகாததும் உண்மை. பெர்னூலி சொல்லி ஏறத்தாழ 280 ஆண்டுகள் கழிந்த பின்னும் அது எங்கள் ஊர்க் கிணற்றுக்கு வந்து சேரவில்லை. அந்தப் பிடித்தம் அறியாமைக்கு நாங்கள் கட்டிய வரி.

தேநீர்க் குவளை நீர்

எண்ணெய் ஒருநாள் நின்றால் எந்திரம் ஏன் அவ்வளவு விரைவில் கெடுகிறது? எண்ணெயின் பகைவன் காற்றுக்குள்ளேயே ஒளிந்திருக்கிறான். அவன்தான் நீர்.

30 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவியை ஏந்தும். ஈரப்பதம் 70 விழுக்காடு என்றால் அதில் இருப்பது 21 கிராம். கம்ப்ரசரின் அளவி சதுர சென்டிமீட்டருக்கு 7 கிலோகிராம் காட்டும்போது, வெளியிலிருந்து உறிஞ்சிய 8 கன மீட்டர் காற்று ஒரு கன மீட்டராக நெருக்கப்பட்டிருக்கிறது. எட்டிலும் இருந்த நீராவி 168 கிராம். நெருக்கிய காற்று சூடாக இருக்கும் வரை இது தெரிவதில்லை. பழைய வெப்பத்துக்கு அது முழுதும் ஆறிவிட்டால் ஏந்தக்கூடியது 30 கிராம்தான். மீதி 138 கிராம் நீராகச் சொட்டும். அதாவது, ஒரு தேநீர்க் குவளை நீர்.

ஜாக்ஹாமர் நிமிடத்துக்கு மூன்று கன மீட்டருக்கு மேல் காற்றுக் குடிக்கும். அப்படியானால் மூன்று நிமிடத்துக்குள் எத்தனை நீர் உருவாகக் கூடும் என்று எண்ணிப் பாருங்கள். அது உலோகத்தின் மேலுள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவும், துருவை உண்டாக்கும். இதனால்தான் தொழிற்சாலைகளில் முதலில் நீரையும் தூசியையும் பிரிக்கும் வடிகட்டி, அடுத்து அழுத்தச் சீராக்கி, கடைசியில் எண்ணெய்ப் பாத்திரம் என்று மூன்றையும் வரிசையாக வைக்கிறார்கள். பாறை துளைக்கும் எந்திரங்களுக்கென்று உள்ள எண்ணெயும் தனி வகை. நீரோடு கலந்தாலும் உலோகத்தை விட்டு நழுவாமல் ஒட்டும் தன்மையும், அடியைத் தாங்கும் சேர்மங்களும் அதில் உண்டு.

கறுத்த மூட்டம்

மேலே சொன்ன நிகழ்ச்சி அத்தோடு முடிந்திருந்தால் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன். பழுது பார்த்துத் திரும்பிய ஜாக்ஹாமரை மெக்கானிக் தம் கையாலேயே பூட்டினார். பாத்திரமும் தற்செயலாகச் சரியான திசையில் அமைந்துவிட்டது. முதலாளி, "காசு போட்டு வாங்குன எண்ணெயே உள்ள போகல, இதுக்கு எதுக்கு அது?" என்று டிராக்டரிலிருந்து வடித்த பழைய எஞ்சின் ஆயிலை ஊற்றச் சொன்னார். எந்திரம் ஓடியது. பழைய ஆயில்தான் ஜாக்ஹாமருக்கு ஏற்றது என்று அன்று முடிவாகிவிட்டது. பக்கத்துக் கம்ப்ரசர்காரர்களும் அதைக் கேட்டுக்கொண்டார்கள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான் இது. ஒரே நாளில் இரண்டு மாற்றங்களைச் செய்துவிட்டு, பலனை ஒன்றன் பேரில் எழுதுவது பிழை என்பது ஆய்வுக்கூடத்தின் முதல் பாடம்.

அன்று முதல் கிணற்றுக்குள் வெளியேறிய காற்று கறுத்த மூட்டமாக வந்தது. மாலையில் அப்பா மேலே ஏறி வந்து துண்டால் முகத்தைத் துடைத்தால் துண்டில் கறுப்பு. காறித் துப்பினாலும் கறுப்பு. அம்மா எத்தனை முறை அடித்துத் துவைத்தும் அந்தத் துண்டு வெளுக்கவில்லை.

மற்ற எந்திரங்களில் எண்ணெய் சுற்றிச் சுற்றி வரும். கீழே தேங்கும், வடித்து மாற்றலாம். காற்றோடு போகும் எண்ணெய் அப்படியன்று. ஒருமுறைதான் அதன் பயணம். உள்ளே போன ஒவ்வொரு துளியும் வெளியே வந்தே தீரும். எங்கே வரும்? எந்திரத்தைப் பிடித்திருப்பவரின் முகத்துக்கு நேரே!

ஒரு சிறு கணக்கு. மணிக்கு 30 மில்லி லிட்டர் எண்ணெய் போவதாக வைத்துக்கொள்வோம். அதன் எடை சுமார் 27 கிராம். ஒரு மணியில் ஏறத்தாழ 200 கன மீட்டர் காற்று வெளியேறுகிறது. ஆகவே ஒரு கன மீட்டர் காற்றில் 135 மில்லிகிராம் எண்ணெய். தொழிலாளி எட்டு மணி நேரம் சுவாசிக்கும் காற்றில் கனிம எண்ணெயின் மூட்டம் கன மீட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கலாகாது என்று அமெரிக்க நாட்டின் தொழிற் பாதுகாப்பு விதி வரையறுத்துள்ளது. எந்திரத்தின் வாயில் வெளிப்படுவது அதைப்போல் 27 மடங்கு. திறந்த வெளியில் காற்று அதைக் கலைத்துவிடும். அறுபது அடிக் கிணற்றில் எந்தக் காற்று வந்து கலைக்கும்?

இது புதிய, தூய எண்ணெய்க்கே உரிய கணக்கு. எஞ்சினில் வெந்து கறுத்த எண்ணெயிலோ பாலிசைக்ளிக் அரோமாட்டிக் ஹைட்ரோகார்பன்கள் என்னும் சேர்மங்கள் சேர்ந்திருக்கின்றன. அவற்றுள் சில புற்றுநோயை உண்டாக்குபவை. உலோகத் துகள்களும் அதில் கலந்திருக்கும். அவை பிஸ்டனையும் தேய்க்கும். நம் நாட்டின் 2016-ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகளும் பழைய எஞ்சின் எண்ணெயைக் கண்டபடி கையாளக் கூடாத கழிவுகளின் வரிசையில் வைத்துள்ளன. மண்ணில் கொட்டக்கூடாது என்று நாம் சட்டம் செய்த பொருளை மனிதனின் நுரையீரலில் ஊதலாமா? கல்தூசி அந்த நுரையீரலுக்குச் செய்யும் கேடு ஏற்கெனவே போதாதா?

இது கிணறு வெட்டுபவருக்கு மட்டும் உரிய கவலையன்று. திருச்செங்கோட்டிலிருந்து ஆழ்துளைக் கிணறு போடும் வண்டிகள் இந்தியாவின் மூலைமுடுக்குகளுக்கெல்லாம் செல்கின்றன. அவற்றில் அடிக்கும் சம்மட்டி தரைக்கு மேலே இல்லை. குழாய்களின் நுனியில், துளையின் அடியில் இருக்கிறது. அதற்கும் காற்றோடுதான் எண்ணெய் அனுப்ப வேண்டும். அனுப்பிய எண்ணெயில் ஒரு பகுதி கல்தூளோடு மேலே வரும். ஒரு பகுதி துளையிலேயே தங்கும். அந்தத் துளையில் ஊறும் நீரைத்தான் நாம் குடிக்கப்போகிறோம். அங்கே எந்த எண்ணெய் போகிறது என்று கேட்க வேண்டியவர் துளை போடச் சொன்ன ஒவ்வொரு வீட்டுக்காரரும்.

எண்ணெயே வேண்டாமா?

"அப்படியானால் எண்ணெயே வேண்டாமே" என்று சில நண்பர்கள் கேட்கலாம். சில இடங்களில் வேண்டாம் என்பதும் உண்மையே. காற்றால் நூலைச் செலுத்தும் தறிகளுக்கு எண்ணெயற்ற காற்று வேண்டும். இல்லையேல் துணி கறைபடும். உணவுப் பொருள் செய்யும் இடத்திலும், வண்ணம் தெளிக்கும் இடத்திலும் அப்படியே. இக்காலத்து உருளைகளும் வால்வுகளும் பல, செய்யும்போதே உள்ளே கிரீஸ் இட்டு வருகின்றன. அவற்றுக்கு எண்ணெய் தேவையில்லை. ஆனால் ஒருமுறை எண்ணெய் கொடுத்துவிட்டால் அது அந்த கிரீஸைக் கழுவிவிடும். பிறகு வாழ்நாள் முழுதும் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பாறையை அடிக்கும் சம்மட்டியோ எண்ணெயின்றி ஒரு நாளும் நிலைக்காது. ஆகவே எண்ணெய் வேண்டும். அளவோடு வேண்டும், தூயதாக வேண்டும். குறைந்தால் எந்திரம் பிடித்துக்கொள்ளும். மிகுந்தால் வால்வு மந்தமாகும், மூட்டமும் பெருகும்.

"செலவு?" என்பார் முதலாளி. அவர் கேட்பதிலும் நியாயம் உண்டு. அவரும் கடன் வாங்கித்தான் கம்ப்ரசர் வைத்திருக்கிறார். ஆனால் மணிக்கு 30 மில்லி என்றால் ஆறு மணி நேர வேலைக்கு 180 மில்லி. கால் லிட்டர்கூட இல்லை. டிராக்டர் ஒரே மணி நேரத்தில் குடிக்கும் டீசலுக்கு முன்னால் இது எம்மாத்திரம்? ஒரு முறை பிஸ்டன் பிடித்துக்கொண்டால் ஆகும் செலவு என்ன? நாங்கள் கட்டியிருக்கிறோம், எங்களுக்குத் தெரியும்.

எண்ணெய்க்குவளை பிடித்த கை

எலைஜா மெக்காய் என்ற பெயரை நம்மில் பலர் கேட்டிருக்க மாட்டோம். அமெரிக்காவில் அடிமைத்தளையிலிருந்து தப்பிக் கனடாவுக்குச் சென்ற கறுப்பினப் பெற்றோரின் பிள்ளை. ஸ்காட்லாந்து சென்று எந்திரவியல் பயின்றார். திரும்பி வந்தபோது தோலின் நிறம் கண்டு பொறியாளர் வேலையை எவரும் கொடுக்கவில்லை. மிச்சிகன் சென்ட்ரல் இரயில்வேயில் நெருப்புக்குக் கரி அள்ளிப் போடவும் எண்ணெய் விடவும் வேலை கிடைத்தது. அக்காலத்தில் எந்திரங்களை நிறுத்தித்தான் எண்ணெய் இட முடியும். படித்த அறிவும் எண்ணெய்க்குவளையும் ஒரே கையில் சேர்ந்ததால், எந்திரம் ஓடும்போதே தானாகத் துளித்துளியாக எண்ணெய் விடும் கருவியைக் கண்டுபிடித்து 1872-இல் காப்புரிமை பெற்றார். அவருடையது நீராவி எந்திரத்துக்கானது. ஓடும்போதே எண்ணெய் ஊட்டுவது என்ற எண்ணம் நம்முடைய பாத்திரத்துக்கும் பொதுவானது.

நம் நாட்டில் குவளை ஒரு கையிலும் படிப்பு வேறொரு கையிலுமாகப் பிரிந்து கிடக்கின்றன. எண்ணெய் டப்பாவில் உள்ள எழுத்து ஆங்கிலம், எந்திரத்தோடு வரும் கையேடு ஆங்கிலம், எண்ணெய் ஊற்றுபவரோ தமிழையும் எழுத்துக் கூட்டிப் படிப்பவர். அவரிடம், "ஏன் தவறாகப் பூட்டினாய்?" என்று கேட்க யாருக்கு உரிமை உண்டு?

என்னால் இயன்றதாக ஒரு முழுத்தாளில் கறுப்பு மையால் ஐந்து வரிகள் எழுதினேன். காலையில் முதலில் தொட்டியின் நீரைத் திறந்துவிட வேண்டும். பாத்திரத்தை எந்திரத்துக்கு அருகிலேயே பூட்ட வேண்டும். தொலைவில் வைத்தால் எண்ணெய் ஓஸிலேயே படிந்துவிடும். அம்புக்குறி எந்திரத்தை நோக்கி இருக்க வேண்டும். ஓடும்போது காற்று வெளியேறும் வாயில் ஒரு வெள்ளைத்தாளைக் காட்ட வேண்டும்; மெல்லிய படலம் தெரிந்தால் சரி, துளியாகத் தெறித்தால் அதிகம், உலர்ந்திருந்தால் உடனே நிறுத்த வேண்டும். பழைய ஆயில் கூடவே கூடாது.

அப்பாவிடம் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டுச் சொன்னார்: "அம்புக்குறின்னு எழுதாத கண்ணு, யாருக்குத் தெரியும்? காத்து போற பக்கம்னு எழுது. அப்பறம், ஓஸ் மாத்துனா மறுக்கா பாக்கணும்னு ஒண்ணு சேத்து எழுது."

ஆறாவது வரி அவருடையது. ஆறிலும் முதன்மையானது அதுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

முதலாளி அந்தத் தாளைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. டிராக்டரின் கருவிப்பெட்டி மூடியில் அப்பா அதை ஒட்டிவிட்டார். பழைய ஆயில் நின்றுவிட்டதா என்றால், ஜாக்ஹாமருக்கு உரிய எண்ணெய் இருக்கும் நாளில் நிற்கிறது. தீர்ந்த நாளில் திரும்பி வருகிறது. ஒரு தாளால் முடிந்தது அவ்வளவுதான்.

ஆனால் நம் கல்லூரியில் நூற்றுக்கணக்கானோர் படிக்கிறோம். பெரும்பாலோரின் வீட்டில் ஏதோ ஓர் எந்திரத்தைத் தொட்டு வேலை செய்யும் ஒருவர் இருக்கிறார். நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்கு ஏழு நாள் போகிறோம். சாலையோரத்தைக் கூட்டிச் சுத்தம் செய்கிறோம், நல்லதே. அதில் ஒரு நாளை இதற்கு ஒதுக்கலாகாதா? நம் பாடநூலில் உள்ள ஒரு விதி நம் ஊரில் எந்த எந்திரத்துக்குள் வேலை செய்கிறது என்று கண்டு, அதை ஒரு தாளில் தமிழில் எழுதி, அந்த எந்திரத்தைப் பிடித்திருப்பவரிடம் படித்துக் காட்டி, அவர் சொல்லும் திருத்தத்தையும் சேர்த்து ஒட்டிவிட்டு வருவோம். காற்றோடு எண்ணெய் போகவேண்டிய இடத்துக்குப் போய்ச் சேருவது போல, படிப்பும் போய்ச் சேரட்டும்.

முதலாம் ஆண்டு நண்பர்கள் பெர்னூலியை அடுத்த ஆண்டு படிக்கப்போகிறீர்கள். அன்று மாலை வீட்டுக்குப் போனதும் உங்கள் அப்பாவிடம் ஒரு கேள்வி கேளுங்கள். தேர்வில் வராத விடை ஒன்று கிடைக்கும்.